தட்டை எடுத்துவிடு, கண்ணு

அன்புள்ள அம்மிணி,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி அம்மாவும் நானும் ரொம்ப நேரம் பார்த்தோம். நீ மஞ்சள் நட்ட மூன்று பையில் நடுப்பைச் செடி மட்டும் வெளுத்துத் தொங்குகிறது. "முற்றிவிட்டது போல, வெட்டிவிடட்டுமா?" என்று கேட்டிருந்தாய். இல்லை கண்ணு, அது முற்றவில்லை. நீ நட்டது ஆனியில். இப்போதுதான் கார்த்திகை பிறந்திருக்கிறது. மஞ்சளுக்கு எட்டு மாதமாவது வேண்டும், நம் தோட்டத்தில் ஒன்பது விட்டுத்தான் வெட்டுகிறோம். முற்றிக் காய்வது வேறு விதம். காடு முழுக்க ஒன்றாக வெளுத்து, இலை சருகாகிச் சாய்ந்துவிடும். ஒரு செடி மட்டும், அதுவும் அடியிலையில் ஆரம்பித்து ஓரம் ஓரமாகக் காய்ந்தால் அது கிழங்கு அழுகல்.

தண்டின் அடியை விரலால் அழுத்திப் பார். நீர் கோத்து மெத்தென்று இருந்து, லேசாக இழுத்ததும் கையோடு வந்தால் சந்தேகமே வேண்டாம்.

போட்டோவில் எனக்குக் கண்ணை உறுத்தியது செடி இல்லை, பைக்கு அடியில் இருக்கும் தட்டு. அதில் தண்ணீர் நிற்கிறது. தரை நனையக் கூடாது என்று வைத்திருப்பாய். மஞ்சளுக்கு ஈரம் வேண்டும், ஆனால் கால் நனைந்தபடி நிற்க அதால் முடியாது. இந்த அழுகலைக் கொண்டுவரும் பித்தியம் என்கிற பூஞ்சாணம் தேங்கின தண்ணீரில்தான் பரவும்.

உனக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு ஐப்பசி, மழை விடாமல் பெய்தது. மேற்கு மூலையில் அரை ஏக்கர் மஞ்சள் இடுப்பளவு நின்றது. வடிகாலை இன்றைக்கு வெட்டலாம், நாளைக்கு வெட்டலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். செடி நிற்கும் மண்மேடான பாருக்கு நடுவே மூன்று நாள் தண்ணீர் நின்றது. பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு ஓரத்தில் வெளுக்க ஆரம்பித்தது, தோண்டிப் பார்த்தால் கிழங்கு கூழாக வந்தது. ஏக்கருக்கு 800 கிலோ விதைக்கிழங்கு என்ற கணக்கில் 400 கிலோ போட்ட இடம். அன்றைக்கு உன் அம்மா வரப்பில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் உன் மூன்று பைக்கு நான் இவ்வளவு பதறுகிறேன்.

நடுப்பையை மண்ணோடு அப்புறப்படுத்திவிடு. அந்த மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதே, தோண்டின கரண்டியையும் நன்றாகக் கழுவு. மற்ற இரண்டுக்கும் தட்டை எடுத்துவிட்டு, பையின் அடியில் இன்னும் நாலு ஓட்டை போடு. மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். டிரைக்கோடெர்மா விரிடி என்று கேள், விதைக் கடையில் பொடியாகக் கிடைக்கும். மக்கின எருவில் கலந்து, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்துப் போடு. டிரைக்கோடெர்மா உயிருள்ள பூஞ்சாணம், நோய்ப் பூஞ்சாணத்தைத் தின்று அடக்கும். அதோடு ரசாயன மருந்தை ஊற்றினால் இதுவும் செத்துப்போகும். கிழங்கு வெளியே தெரிந்தால் மண் அணைத்துவிடு.

பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் பானையில் கட்ட மஞ்சள் கொத்து வாங்க புனேயில் அலையாதே. இரண்டில் ஒரு பையை அன்று காலை இலையோடு பிடுங்கி, கழுவிக் கட்டு. இன்னொன்றை மாசிக் கடைசி வரை விட்டுவை, வெட்டுவதற்கு முன் இரண்டு வாரம் தண்ணீரை நிறுத்து.

அதில் விரல் போல நீண்டிருக்கும் விரலியை மட்டும் உடைத்து, மூழ்கும் அளவு தண்ணீரில் முக்கால் மணி நேரம் வேகவை. ஈர்க்குச்சி தடையில்லாமல் இறங்கினால் பதம். அப்புறம் பத்துப் பதினைந்து நாள் வெயில், ஒடித்தால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். ஐந்து கிலோ பச்சை மஞ்சள் காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். கொஞ்சம்தான் வருகிறதே என்று நினைக்காதே. நடுவில் உருண்டையாக இருக்கும் குண்டுக்கிழங்கை வேகவைக்காமல் நிழலில் வைத்து மஞ்சள் சருகால் மூடு. அடுத்த வைகாசியில் முளை கட்டும், விதைக்கு ஆகும்.

தட்டை இன்றைக்கே எடுத்துவிடு. எடுத்ததும் ஒரு போட்டோ அனுப்பு, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா