சதுப்புநிலக் கணக்கெடுப்பில் கந்தக பாக்டீரியாவும் இடம்பெற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் சுங்கை பூலோ, பாசிர் ரிஸ், செக் ஜாவா போன்ற சதுப்புநிலங்களைப் பற்றிய செய்திகளில் பறவைகளும் நண்டுகளும் மரங்களும் பேசப்படும் அளவுக்கு அங்குள்ள சேற்றின் நுண்ணுயிர்கள் பேசப்படுவதில்லை. நமது கரையோரப் பாதுகாப்புப் பணிகள் சேற்றின் நீரோட்டத்தை மாற்றுவதற்கு முன்பே, ஒளிச்சேர்க்கை செய்யும் கந்தக பாக்டீரியாக்களையும் மரபணு முறையில் பதிவுசெய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சதுப்புநிலத்தில் வீசும் அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவினுடையது. தண்ணீருக்குப் பதிலாக அந்த வாயுவைக் கொண்டு, ஆக்சிஜனை வெளியிடாமலேயே ஒளிச்சேர்க்கை செய்பவை ஊதா, பச்சைக் கந்தக பாக்டீரியாக்கள். ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் பழைய முறையில், அங்கு வளர ஒத்துக்கொள்ளும் இனங்கள் மட்டுமே தென்படும். ஆகவே சேற்றிலிருந்து டி.என்.ஏவை நேரடியாகப் பிரித்தெடுத்து, மரபணுத் துண்டுகளைப் பல மடங்காக நகலெடுக்கும் பி.சி.ஆர் முறையில் பெருக்கிப் பார்ப்பது அவசியமாகிறது.

எந்த மரபணுவைத் தேடுகிறோம் என்பதில்தான் கவனம் தேவை. பாக்டீரியாக்களை இனங்காண வழக்கமாகப் பயன்படும் 16எஸ் மரபணு, தனிக் கிளையாக நிற்கும் பச்சை வகையை நன்றாகவே காட்டிக்கொடுக்கும். ஊதா வகையோ ஒளிச்சேர்க்கையே செய்யாத உறவினங்களோடு கலந்திருப்பதால், அந்த மரபணுவை மட்டும் கொண்டு, கிடைத்த உயிர் வெளிச்சத்தைப் பயன்படுத்துகிறதா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஒளியாற்றலை வேதியாற்றலாக மாற்றும் ஒளிவினை மையப் புரதத்துக்குரிய பஃப்-எம் மரபணு இங்கே உதவும். ஆனால் கந்தகத்தைச் சாராத ஊதா பாக்டீரியாக்களிடமும் அது உண்டு என்பதால், அதன் வரிசையை அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிட்டே முடிவுக்கு வர வேண்டும். பச்சை வகைக்கு, ஒளியாற்றலைக் கடத்தும் புரதத்தின் எஃப்எம்ஓ-ஏ மரபணு சிறந்த அடையாளம். ஜெர்மனியின் யோஹானஸ் இம்ஹோஃப் குழுவினர் 2006இல் கடல், உவர்நீர் வாழிடங்களை ஆராய்ந்தபோது இதையும் 16எஸ் மரபணுவையும் சேர்த்தே பயன்படுத்தினர். அடுத்த ஆண்டே, யெல்லோஸ்டோன் வெந்நீரூற்றில் அறியப்பட்ட வேறொரு பிரிவு பாக்டீரியாவிடமும் அந்தப் புரதத்தின் மரபணு காணப்பட்டது. ஒற்றை மரபணுவை நம்பிப் பட்டியல் தயாரிப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதுவே போதிய சான்று.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். டி.என்.ஏ கிடைத்தது என்பதாலேயே உயிர் இன்று அங்கு வாழ்கிறது என்று பொருளாகாது. கருங்கடலின் அடிப்படிவங்களில் முற்காலத்துப் பச்சைக் கந்தக பாக்டீரியாக்களின் டி.என்.ஏ எஞ்சியிருப்பது பதிவாகியுள்ளது. எனவே விரைவில் சிதைந்துவிடும் ஆர்.என்.ஏவையும் சேர்த்து ஆராய்ந்தால்தான், இப்போது செயல்படும் உயிர்களைப் பிரித்தறிய இயலும்.

இதற்குத் தேவையான ஆய்வுக்கூடங்களும் அறிஞர்களும் நம் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். தேசியப் பூங்காக் கழகம் அவர்களோடு இணைந்து, மாதிரி எடுத்த ஆழம், உவர்ப்பு, கடல் ஓதத்தின் (ஏற்றவற்றத்தின்) நிலை ஆகியவற்றோடு மரபணு வரிசைகளையும் பொதுத் தரவுத்தளத்தில் வெளியிட முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்