வேட்டைக்காரரின் குறிப்பேடு சட்டம் எழுதுவோர் கைக்குப் போகட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

காட்டு இறைச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, உலகெங்கும் வேட்டையை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று முடிந்திருந்தது. கட்டுரையாளரின் கவலை எனக்கும் உண்டு. பல்லுயிர் குறித்த அரசுகளுக்கிடையிலான அறிவியல் அமைப்பு 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டில், வரம்பு மீறிய வேட்டையால் 1,341 பாலூட்டி இனங்கள் அச்சுறுத்தலில் உள்ளன என்று படித்தபோது பதறிப் போனேன். ஆனாலும் அவர் சொல்லும் தீர்வை ஏற்க முடியவில்லை. காரணத்தைப் பெரு நாட்டு அமேசானை வைத்துச் சொல்கிறேன்.

லொரேட்டோ மாநிலத்தில், இக்கிட்டோஸ் நகருக்குத் தென்கிழக்கே தம்ஷியாக்கு தவாயோ என்ற காட்டுப்பகுதி இருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர்கள் மீனையும் விலங்குகளையும் அள்ளிக்கொண்டு போவதைக் கண்டு ஆற்றங்கரைக் கிராமத்தார் கொதித்துப் போயிருந்தார்கள். 1991இல் அந்தப் பகுதி, உள்ளூர் மக்களும் சேர்ந்து பராமரிக்கும் சமூகக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் வீட்டுத் தேவைக்கு வேட்டையாடுவது தொடர்ந்தது. காட்டுயிர் ஆய்வாளர் ரிச்சர்ட் போட்மரும் அவருடைய குழுவினரும் அவர்களிடம் கேட்டது இவ்வளவுதான்: என்ன விலங்கைச் சுட்டீர்கள், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் அலைந்த பிறகு கிடைத்தது என்று குறித்து வையுங்கள்; மண்டை ஓட்டைத் தூக்கி எறியாதீர்கள். பல் தேய்ந்திருப்பதைப் பார்த்து வயதைக் கணித்துவிடலாம். அதைக் கொண்டு ஓர் இனத்தின் மேல் வேட்டை எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று மதிப்பிடலாம்.

அந்தக் கணக்கு எல்லா விலங்குக்கும் ஒரே பதிலைத் தரவில்லை. பன்றியைப் போன்ற பெக்கரி ஏறக்குறைய ஐந்து மாதம் சுமந்து பெரும்பாலும் இரண்டு குட்டி போடும். அளவோடு சுட்டால் அந்த இனம் தாங்கும். குட்டையான துதிக்கை கொண்ட பெரிய விலங்கான டாபிர் பதின்மூன்று மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். கம்பளிக் குரங்கு அடுத்த குட்டி போட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிடும். இவ்விரண்டும் தாங்கும் அளவைத் தாண்டி வேட்டையாடப்பட்டது தெரியவந்தது. ஒரு டாபிர் விழுந்தால் பல குடும்பங்களுக்கு இறைச்சி கிடைக்கும். அதைச் சுடாதே என்று தலைநகரிலிருந்து உத்தரவு போட்டால் காட்டுக்குள் யார் கேட்பார்கள்? தாங்களே எழுதி வைத்த கணக்கு காட்டும்போது பேச்சு வேறு மாதிரி அமைகிறது. கட்டுரையில் இந்தப் பகுதியே இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம்.

பெரு 1973லேயே அமேசானில் வணிக வேட்டையைத் தடை செய்து, உணவுக்கான வேட்டையை அனுமதித்தது. உணவுக்காகக் கொன்ற பெக்கரியின் தோலை மட்டும் விற்கலாம். அது ஐரோப்பாவுக்குப் போய்க் கையுறையாகிறது. வேட்டையை அளவோடு வைத்திருக்கும் கிராமங்களின் தோலுக்குச் சான்றிதழ் தரும் திட்டத்தை ஆய்வாளர்கள் வகுத்தார்கள். குறிப்பேடு, எவ்வளவு வேட்டையாடலாம் என்ற அரசு ஒதுக்கீடு, தோல் வாங்குபவர் ஆகிய மூன்றையும் ஒரே சரட்டில் கோக்கும் முயற்சி அது. ஆய்வும் கொள்கையும் இணைவது என்றால் நான் புரிந்துகொள்வது இதைத்தான்.

அதே இக்கிட்டோஸின் பெலேன் சந்தையில் காட்டு இறைச்சி வெளிப்படையாக விற்கப்படுகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கோழியும் மீனும் கிடைக்கும் நகரவாசியின் ருசியையும், காட்டை விட்டால் புரதத்துக்கு அதிக வழியில்லாத கிராமத்துக் குழந்தையின் சாப்பாட்டையும் ஒரே சட்டப்பிரிவில் அடைப்பது அநியாயம். கண்டிப்பு நகரச் சந்தையில் வேண்டும். கிராமத்தின் மேலும் ஒட்டுமொத்தத் தடை விழுந்தால் வேட்டை ஒளிந்துகொள்ளும், குறிப்பேடும் மூடப்படும். பிறகு எந்த இனம் எவ்வளவு குறைந்தது என்று யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு முறை ஆய்வு செய்து ஓர் எண்ணைச் சட்டத்தில் எழுதிவிட்டாலும் போதாது. 2009 தொடங்கிச் சில ஆண்டுகள் அதே மாநிலத்தின் பக்காயா சமிரியா காப்பகத்தில் கடும் வெள்ளங்கள் வந்தன. தரைவாழ் விலங்குகள் வெகுவாகக் குறைந்தன. அங்குள்ள மக்கள் மீனை அதிகம் நம்ப வேண்டியதாயிற்று. வெள்ளத்துக்கு முன் சரியாக இருந்த ஒதுக்கீடு அதற்குப் பின் பொருந்துமா? ஆண்டுதோறும் கணக்கெடுத்து, அதற்கேற்ப வரம்பைக் கூட்டவும் குறைக்கவும் சட்டத்திலேயே இடம் வேண்டும். பெரும்பாலான ஆய்வுகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்குத்தான் பணம் வருகிறது. பணம் தீர்ந்ததும் கணக்கும் நின்றுவிடுகிறது.

பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள் 2018இல் ஷர்ம் எல் ஷேக்கில் கூடியபோது, காட்டு இறைச்சிக்கான வழிகாட்டுதலை ஏற்றன. ஆனால் அதைப் பின்பற்றுவது அந்தந்த நாட்டின் விருப்பம். அதை ஏற்ற அரசுகள் தங்கள் வேட்டைச் சட்டங்களில் எதைத் திருத்தியிருக்கின்றன, வேட்டைக் கணக்கெடுப்புக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகின்றனவா என்று விசாரித்து ஒரு கட்டுரை வெளியிடுங்கள். வேட்டையாடுபவர்களின் குரலும் அதில் இடம்பெறட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
உடுமலைப்பேட்டை