சுபம் போடாத படங்கள்

கே.கே. நகர், சென்னை
18.1.2026

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போகிக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். டிவி ரிமோட்டைத் தங்கச்சி அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்திருக்கிறது என்று படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். இந்தக் கடிதத்தையும் தங்கச்சிதான் உனக்குப் படித்துக் காட்டும் என்பதால் நம் மேன்ஷன் கதை எதையும் எழுதப்போவதில்லை. நீ கேட்டபடி சினிமா மட்டும்.

பொங்கல் படங்களைப் பற்றிக் கேட்காதே. இன்னும் தியேட்டர் பக்கம் போகவில்லை, கூட்டம் வடியட்டும். ஆனால் புத்தாண்டு காலையில் எங்கள் வீட்டு ஹாலிலேயே ஒரு பெரிய ரிலீஸ் நடந்தது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்று ஓர் அமெரிக்கத் தொடர். 2016-ல் என் மகள் பள்ளியில் படித்தபோது ஆரம்பித்தது, இப்போது ஐந்தாவது சீசனோடு முடித்திருக்கிறார்கள். கடைசி எபிசோடு நம் நேரத்துக்கு ஜனவரி முதல் தேதி காலை ஆறரைக்கு வந்தது. வேலை நாளில் எட்டு மணிக்கு எழுப்பினாலே எரிந்து விழுகிற பெண், ஐந்தரைக்கே குளித்துவிட்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கேற்ற வந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "வருஷம் பிறந்ததும் பிறக்காததுமாக இது என்ன பேய், பிசாசு?" என்று முறைத்துவிட்டுப் போனாள்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதிக் கதை புரியவில்லை, கடைசிக் காட்சி புரிந்தது. முதல் சீசனில் நான்கு பையன்கள் வீட்டு நிலவறையில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுவதில்தான் கதை தொடங்கும். கடைசியிலும் அதே நிலவறை, அதே மேசை. வளர்ந்துவிட்ட பிள்ளைகள் ஆட்டத்தை முடித்து, ஏடுகளை அலமாரியில் வைத்துவிட்டு ஒவ்வொருவராக மேலே போகிறார்கள். தங்கையும் அவள் கூட்டாளிகளும் இறங்கி ஓடிவந்து அந்த மேசையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அண்ணன்காரன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறான். திருவல்லிக்கேணி மேன்ஷன் சாவியை ஒரு புதுப் பையன் கையில் கொடுத்துவிட்டு நாம் படியிறங்கிய நாள் எனக்கு ஞாபகம் வந்தது. மகள் தேம்பிக்கொண்டிருந்தாள். நான் காபி போடுவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வேடிக்கையைக் கேள். அழுது முடித்த அதே பெண் இரண்டு நாள் கழித்து, "இது உண்மையான முடிவு இல்லையப்பா, இன்னொரு எபிசோடை ஒளித்துவைத்திருக்கிறார்கள், ஏழாம் தேதி வரும்" என்றாள். பல நாட்டு ரசிகர்களும் அப்படி நம்பிக் காத்திருந்தார்களாம். ஏழாம் தேதி வந்தது, எபிசோடு வரவில்லை.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். 'சுபம்' என்று எழுத்து வந்து நின்றதும் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்தவர்கள் நாம். பக்கக் கதவைத் திறந்து விடுவார்கள், மதியக் காட்சியென்றால் வெயில் முகத்தில் அடிக்கும், கதை முடிந்தது. இவள் தலைமுறைக்கு எந்தப் படத்தையும் யாரும் முடித்துக் காட்டவில்லையே.

'இந்தியன்' நினைவிருக்கிறதா? 1996-ல் பார்த்துவிட்டுப் பஸ் கிடைக்காமல் அண்ணா சாலை முழுக்கப் பேசிக்கொண்டே நடந்து வந்தோம். பெற்ற மகனையே கொன்றுவிட்டுத் தாத்தாவும் அந்த வெடிப்பில் போய்விட்டார் என்று நினைக்கும்போது, வெளிநாட்டிலிருந்து ஒரு போன். அந்த ஒரு போனை வைத்துக்கொண்டு நாம் 28 வருஷம் ஓட்டினோம். ரேஷன் கார்டுக்கு நீ அலைந்தபோதுகூட, "தாத்தா வரட்டும், இருக்கிறது உங்களுக்கு" என்று கவுன்டருக்கு வெளியே நின்று முணுமுணுத்தாய். 2024 ஜூலையில் தாத்தா வந்தார். போனில் இருந்த மிரட்டல், ஏறக்குறைய மூன்று மணி நேரப் படத்தில் இல்லை. விவேக்கும் நெடுமுடி வேணுவும் திரையில் வந்தபோதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது. இருவரும் 2021-லேயே மறைந்தவர்கள். சரி, முடிந்தது என்று எழுந்தால் மூன்றாம் பாகத்துக்கு டிரெய்லர் ஓடுகிறது. விருந்துக்குக் கூப்பிட்டு இலை போட்டுவிட்டு, பாயசம் அடுத்த முகூர்த்தத்தில் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அது ஒரு மால் தியேட்டர், பெயர் வேண்டாம். டிரெய்லர் ஓடும்போதே விளக்கைப் போட்டுவிட்டார்கள். துடைப்பத்தோடு ஒரு பையன் எங்கள் வரிசைக்குள்ளேயே வந்துவிட்டான். அவனுக்காவது முடிக்கத் தெரிந்திருந்தது.

இரண்டாம் பாகம் நமக்கொன்றும் புதிதில்லை. 'கல்யாணராமன்' 1979, 'ஜப்பானில் கல்யாணராமன்' 1985. ஆனால் முதல் படத்தை எடுத்தபோது யாரும் ஜப்பானுக்கு டிக்கெட் வாங்கி வைத்துக்கொண்டு எடுக்கவில்லை.

'கைதி'யை எடுத்துக்கொள். 2019-ல் வந்தது, ஒரே ராத்திரியில் நடக்கிற கதை. சிறையிலிருந்து வந்த டில்லி பிரியாணியை அள்ளி அள்ளித் தின்றானே, அதைப் பார்த்து உனக்கும் பசித்தது. அவனுக்கு மகள் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டான். எனக்கு அங்கேயே போதும். 2022-ல் அந்தக் கதையோடு முடிச்சுப் போட்டு வந்த 'விக்ரம்' கடைசியில் சூர்யா ரோலக்ஸாக வந்து நின்றபோது நானும் விசில் அடித்தேன், மறைக்கவில்லை. அதிலிருந்து பிடித்த நோய்தான். இப்போதெல்லாம் கதையை விட்டுவிட்டு, யார் எங்கிருந்து வந்து குதிக்கப்போகிறார்கள் என்றே உட்கார்ந்திருக்கிறோம். கல்யாண வீட்டில் தாலி கட்டுவதைப் பார்க்காமல் எந்த அமைச்சர் கார் வருகிறது என்று வாசலைப் பார்க்கிற மாதிரி.

நியாயமாக இரண்டு பாகம் கேட்ட கதை என்றால் 'பொன்னியின் செல்வன்'. முதல் பாகம் 2022 செப்டம்பர் 30, அடுத்தது 2023 ஏப்ரல் 28. ஏழு மாதத்துக்குள் வந்தார்கள், முடித்தார்கள். மணிரத்னத்துக்கு அதற்காகவே ஒரு கும்பிடு. அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். மதுராந்தகன் தலையில் கிரீடம் ஏறியதும் என் கையைத் தட்டி, "பூக்காரப் பையன் எங்கேடா?" என்றாள், முன் வரிசை திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. சேந்தன் அமுதனைத்தான் கேட்டாள். நாவலில் அவன்தானே செம்பியன் மாதேவியின் உண்மையான மகன்? நந்தவனத்தில் பூப்பறித்துச் சிவனுக்கு மாலை கட்டியவன் உத்தம சோழனாகிறான் என்பது கல்கி கடைசி வரை கைக்குள் மூடி வைத்திருந்த முடிச்சு. படத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் எதையாவது விடத்தான் வேண்டும், எனக்குப் புரிகிறது. அம்மா வீடு வரும்வரை ஆட்டோவில் பேசவே இல்லை.

அம்மாவுக்கு அவளுடைய சீரியலிலும் இதே துன்பம். 'எதிர்நீச்சல்' குணசேகரன் என்றால் அவளுக்கு மாரிமுத்துதான். 2023 செப்டம்பரில் டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சு வலி வந்து அவர் இறந்த அன்று இரவு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் வந்த வேல ராமமூர்த்தி நல்ல எழுத்தாளர், நல்ல நடிகர். அம்மாவோ அவரை 'குடிவந்தவர்' என்றுதான் கடைசிவரை சொன்னாள். 2024 ஜூனில் தொடர் முடிந்தது. ஒன்பதரை மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நாள் தடுமாறி, சீக்கிரம் தூங்கப் பழகிக்கொண்டாள். டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று திரும்ப வந்துவிட்டது. பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், அந்த மட்டுக்கும் நேர்மை.

'விடுதலை'யைப் பற்றி நீ நேரில் வரும்போது சண்டை போடலாம். முதல் பாகத்து ரயில் காட்சிக்கு இணையாக இரண்டாம் பாகத்தில் ஒன்றும் இல்லை, வாத்தியார் பேச்சு அதிகம் என்பது என் கட்சி.

2024 ஏப்ரலில் 'கில்லி'யை மறுபடி வெளியிட்டபோது மகளோடு போனேன். இருபது வருஷத்துப் படம். தியேட்டரே வசனத்தை முந்திக்கொண்டு சொல்கிறது. முத்துப்பாண்டி கதை மைதானத்தில் முடிந்தது, விளக்கைப் போட்டார்கள், எல்லோரும் எழுந்து போனார்கள். எதையோ எதிர்பார்த்து ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. அந்த நிம்மதிக்காகத்தான் பழைய படத்துக்கு இவ்வளவு கூட்டம் என்று எனக்கொரு சந்தேகம். அதே வருஷம்தான் நம் உதயம் தியேட்டரும் மூடியது. 1983-லிருந்து ஓடிய தியேட்டர். கம்பிக் கூண்டு வரிசையில் உன் செருப்பு அறுந்து, ஒற்றைக் காலோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாயே, அந்த இடம். ஒரு நாள் போஸ்டர் மாறவில்லை, அவ்வளவுதான்.

முடிவை ஒப்புக்கொள்ளாத ரசிகர்கள் தொல்லை கல்கிக்கே இருந்திருக்கிறது. 'பொன்னியின் செல்வ'னை மூன்றரை வருஷம் வாராவாரம் எழுதி 1954-ல் முடித்த பிறகும், இப்படித் திடீரென்று நிறுத்திவிட்டீர்களே, அவர்கள் எல்லாம் பிறகு என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் விடாமல் கேட்க, முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். மகளிடம் இதைச் சொன்னேன். "எங்கே, காட்டுங்கள்" என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பாட்டி கல்கி இதழிலிருந்து கிழித்து, மணியம் ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்ததில் நான்கு பாகம்தான் பீரோவில் இருக்கிறது. ஐந்தாவது, 'தியாகச் சிகரம்', 1997-ல் நெல்லை எக்ஸ்பிரஸில் படிக்க என்று நீ வாங்கிக்கொண்டு போனது. அம்மாவிடம் அன்றிலிருந்து பைண்டிங்குக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி வருகிறேன்.

மாசியில் இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய். கொண்டு வா. கரையான் அரித்திருந்தால் கடைசிப் பக்கங்களையாவது கொண்டு வா. தங்கச்சி, இந்தப் பத்தியை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படிக்கவும்.

அன்புடன்,
உன் மச்சான்