பீடத்தின்மேல் எதை வைப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

திருவிழாக் காலம் வந்துவிட்டால் கத்தோலிக்க ஆலயங்களின் பீட அலங்காரப் படங்கள் நாளிதழ்களில் வரிசையாக வருகின்றன. பல படங்களில் பூச்சாடி தெரிகிறது, தெர்மாகோல் வளைவு தெரிகிறது, சீரியல் விளக்கு தெரிகிறது. பீடத்தைத்தான், அதாவது குரு திருப்பலி (பூசை) நிறைவேற்றும் மேசையைத்தான், தேட வேண்டியிருக்கிறது. கேட்டால், 'எங்கள் ஊர்ப் பாரம்பரியம்' என்கிறார்கள். திருச்சபையின் பாரம்பரியம் இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பானது என்பதை எடுத்துச் சொல்லவே இக்கடிதம்.

1962-ஆம் ஆண்டுப் பதிப்பு வரை வந்த பழைய இலத்தீன் திருப்பலி நூலின் விதி தெளிவாக இருக்கிறது: திருப்பலிக்கோ பீடத்தின் அழகுக்கோ உரியதல்லாத எதையும் பீடத்தின்மேல் வைக்கவே கூடாது. நடுவில் பாடுபட்ட சுரூபம் (இயேசு அறையுண்ட சிலுவை), அதற்கு இருபுறமும் மெழுகுதிரிகள், திருப்பலி நூலுக்கு ஒரு தாங்கி, குரு பார்த்துச் சொல்வதற்கான மூன்று ஜெப அட்டைகள். சாதாரணப் பூசைக்கு இரண்டு திரி, ஆடம்பரப் பாட்டுப் பூசைக்கு ஆறு, ஆயர் தம் மறைமாவட்டத்தில் ஆடம்பரப் பூசை நிறைவேற்றும்போது ஏழு. ஜெப அட்டைகளும் அலங்காரத்துக்கு அல்ல. வலப்புற அட்டையில் கை கழுவும்போது சொல்லும் ஜெபம் இருக்கும். இடப்புற அட்டையில் யோவான் நற்செய்தியின் முதல் 14 வசனங்கள். பூசை முடிந்ததும் மூன்றையும் எடுத்துவிட வேண்டும்.

2021 முதல் அந்தப் பழைய முறைத் திருப்பலிக்கு ஆயரின் அனுமதி தேவை. ஆனால் பீட ஒழுங்கு அந்த முறையோடு போய்விடவில்லை. இன்றைய திருப்பலி நூலின் பொது விதிகள் இன்னும் சுருக்கமாகவே சொல்கின்றன: கொண்டாட்டத்துக்குத் தேவையானவை மட்டுமே பீடத்தின்மேல் இருக்கலாம். காணிக்கை நேரம் வரை நற்செய்தி நூலைத் தவிர அங்கே பெரிதாக எதற்கும் வேலை இல்லை. மூக்குக் கண்ணாடி உறை, அறிவிப்பு நோட்டு, தண்ணீர் பாட்டில், கைப்பேசி இவற்றுக்கெல்லாம் பக்கத்து மேசை இருக்கிறது.

துகில்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறுவது அங்கேதான். பழைய முறையில் பீடத்துக்கு மூன்று வெள்ளை லினன் துகில்கள். கீழே இரண்டும் மேற்பரப்பை மட்டும் மூடும். மேல் துகில் இரு பக்கமும் தரையைத் தொட்டுத் தொங்கும். கிண்ணத்திலிருந்து திரு இரத்தம் (அர்ச்சிக்கப்பட்ட திராட்சை இரசம்) சிந்தினால் அடுத்தடுத்து உறிஞ்சிக்கொள்ளவே இந்த அடுக்கு. இன்று குறைந்தது ஒரு வெள்ளைத் துகில் போதும். ஆனால் அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பையோ கண்ணாடியையோ போட்டுவிடுகிறார்கள். சிந்தியது உறிஞ்சப்படாமல் ஓடும்; கிண்ணத்துக்கும் அப்பத்துக்கும் அடியில் விரிக்கும் சதுரத் துணியான திருமேனித் துகிலும் வழுக்கும். பாலியஸ்டர் துணியிலும் இதே கோளாறுதான். தூசிக்குப் பயந்தால், பூசை இல்லாத நேரத்தில் மட்டும் மேலே ஒரு போர்வை போடலாம். திருப்பலிக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும்.

திருமேனித் துகிலை மடிக்கும் விதத்திலும் காரணம் உண்டு. முன்பகுதியை உள்ளே மடித்து, பின்பகுதியை அதன்மேல் மடித்து, பிறகு இரு பக்கங்களையும் மடித்தால் ஒன்பது சதுரம் விழும். விரிக்கும்போது நேர்மாறாக, பக்கங்களை முதலில் திறக்க வேண்டும். உதறவே கூடாது. நற்கருணை அப்பத்தின் துகள் எதுவும் இருந்தால் அது உள்ளேயே தங்குவதற்காகத்தான் இந்த மடிப்பு. துவைக்கும்போது முதல் அலசலைக் கையால் செய்து, அந்தத் தண்ணீரை அதற்கென ஆலயத்தில் உள்ள தொட்டியிலோ தகுந்த இடத்தில் மண்ணிலோதான் ஊற்ற வேண்டும், சாக்கடையில் அல்ல. அதற்குப் பிறகு வழக்கம்போல் துவைக்கலாம்.

மெழுகுதிரியைப் பாடுபட்ட சுரூபத்துக்கு அருகில் இருப்பதிலிருந்து ஏற்றிப் போவதும், அணைக்கும்போது வெளியே இருப்பதிலிருந்து வருவதும் வழக்கம். நம் ஆலயங்களில் மின்விசிறிக் காற்றில் திரி ஒருபக்கமாக உருகித் துகிலில் வழிகிறது. திரியின் தலையில் பித்தளை வளையமோ கண்ணாடிக் கூண்டோ மாட்டினால் சரியாகும். அதற்காக மின்சார மெழுகுதிரிக்கு மாறுவது தீர்வல்ல. எண்ணெய் விளக்குக்கு இங்கே முழு இடம் உண்டு. இந்திய மரபுக்கேற்ப வழிபாட்டில் சேர்த்துக்கொள்ள 1969-இல் உரோமை (வத்திக்கான்) அனுமதித்த 12 அம்சங்களில் அதுவும் ஒன்று. குத்துவிளக்கை பீடத்துக்குப் பக்கத்தில், அடியில் தட்டு வைத்து நிறுத்தினால் எண்ணெய்க் கசிவு தரைவிரிப்பில் இறங்காது.

பூக்களை பீடத்தின்மேல் அல்ல, பீடத்தைச் சுற்றி வைக்கச் சொல்கிறது விதி. கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் அளவோடு வைக்கலாம். தவக்காலத்தில் நான்காம் ஞாயிறும் பெருவிழா, விழா நாட்களும் தவிரப் பூவே கூடாது. மார்ச் 19 சூசையப்பர் பெருவிழாவுக்குப் பூ வைக்கலாம். மறுநாள் காலையில் எடுத்துவிட வேண்டும். பெரிய வெள்ளி வழிபாடு தொடங்கும்போது பீடம் சிலுவை, திரி, துகில் எதுவுமின்றி வெறுமையாக இருக்க வேண்டும். லில்லிப் பூ வாங்குகிறவர்கள் இதழ் விரிந்தவுடன் மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்துவிடுவது நல்லது. அந்த ஆரஞ்சுத் தூள் துகிலில் விழுந்தால் ஈரத் துணியால் துடைக்காதீர்கள், கறை நிலைத்துவிடும். செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் வந்துவிடும்.

திருவிழாவுக்குரிய புனிதரின் சுரூபத்தையோ அருளிக்கத்தையோ (அவருடைய எலும்பு போன்ற திருப்பொருள்) பீடத்தின்மேல் வைப்பதும் பரவிவருகிறது. அருளிக்கத்தை மக்கள் வணங்க வைக்கும்போது பீடத்தின்மேல் வைக்கக் கூடாது என்பது விதி. சுரூபத்துக்கும் தனி மேசை போட்டு, அங்கே எத்தனை மாலை வேண்டுமானாலும் சாத்தலாம்.

பெரும்பாலான பங்குகளில் அலங்காரம் இப்போது பந்தல்காரர் கைக்குப் போய்விட்டது. அவர் மேல் குற்றமில்லை. கல்யாண மேடையும் பீடமும் அவருக்கு ஒரே கணக்கு. ஆகவே முன்பணம் கொடுக்கும்போதே, பீடத்தின் மேற்பரப்பும் அதன் முன்பக்கமும் இந்த வேலையில் சேராது என்று பங்குப்பேரவை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அந்த இரண்டையும் ஒழுங்குசெய்யும் பொறுப்பு ஆலயப் பணிகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளையிடமும் பீடச் சிறுவர்களிடமுமே இருக்கட்டும்.

ஆலயப் பீடப் பணியாளர்கள் சிலர்,
தூத்துக்குடி