பொங்கல் வாரத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் 26 பேரின் பொங்கல் வாரம் நல்லபடியாக முடிந்தது. யாருக்கும் தீக்காயம் இல்லை, யார் மூக்கிலும் எதுவும் போகவில்லை, பானையும் உடையவில்லை. நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பது தெரியும்.

நன்றி என்று ஒரே வரியில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கலாம். ஆனால் நீங்கள் பொருளைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. நாங்கள் எழுதிவைத்திருந்த திட்டத்தில் ஆளுக்கு ஓர் இடத்தைத் திருத்தினீர்கள். அந்தத் திருத்தங்களை அளவோடு எழுதிவைத்தால், அடுத்த மார்கழியில் இதே வேலையில் இறங்கும் ஆசிரியர்களுக்கும் உதவும். மடல் நீண்டதற்கு அதுதான் காரணம்.

முதல் வணக்கம் கோலம் சொல்லிக்கொடுக்க வந்த மூன்று பாட்டிமார்களுக்கு. கடையில் விற்கும் கோலப்பொடிதான் எங்கள் பட்டியலில் இருந்தது. அது கல்மாவு. குந்தி உட்கார்ந்த பிள்ளையின் முகம் தரைக்கு வெகு அருகில் இருக்கும், அதே கையால் கண்ணைக் கசக்கும் என்று சொல்லி அதை வாங்கவிடாமல் தடுத்தீர்கள். பச்சரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, ரவைபோலக் கொரகொரப்பாக அரைத்துக் கொண்டுவந்தீர்கள். 2 கிலோ அரிசி 26 பேருக்கும் போதுமானதாக இருந்தது. நைஸ் மாவு சின்ன விரல்களில் ஒட்டிக்கொண்டு கட்டியாக விழுகிறது. கொரகொர மாவு சரசரவென இறங்குகிறது. இந்த வித்தியாசம் கையில் எடுத்துப் பார்த்தால்தான் புரியும்.

தரையின் பதம் அடுத்த பாடம். மார்கழிப் பனியில் காலை எட்டரைக்கு முற்றம் நசநசவென்று இருக்கும். அப்போது போட்ட மாவு கூழாகிவிடும். முழுக்கக் காய்ந்த தரையிலோ மாவு நிற்காது, ஒரு காற்றுக்குப் பறந்துவிடும். பத்து மணிக்குத் தண்ணீர் தெளித்து, தரையின் பளபளப்பு போகும்வரை காத்திருந்து தொடங்கச் சொன்னீர்கள். புள்ளி மூன்றுக்கு மூன்று, இடைவெளி பிள்ளையின் கையால் ஒரு சாண். அதைவிட நெருக்கமாக வைத்தால் கோடுகள் ஒன்றாகிவிடுகின்றன. தள்ளி வைத்தால் கோடு பாதியில் வளைந்து எங்கோ போய்விடுகிறது. புள்ளிகளுக்கு முதலில் பாட்டில் மூடிகளை அடுக்கி எண்ணவைத்து, மூடியை எடுத்த இடத்தில் மாவு வைக்கவைத்தோம். புளியங்கொட்டை பார்க்க அழகுதான், ஆனால் இந்த வயதில் அது மூக்கில் போகும், காதில் போகும். வேண்டாம்.

வளைத்துப் போடும் சிக்குக் கோலத்தை யு.கே.ஜி.யில்கூட நான்கைந்து பேரால்தான் முடிக்க முடிந்தது. நேர்க்கோட்டில் புள்ளிகளை இணைப்பதே இந்த வயதுக்குச் சரி. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து மாவை விடும் அந்தப் பிடிதான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும் பிடி. பாட்டிமார் யாரும் இதைப் பாடமாகச் சொல்லவில்லை. "தூரத்துல இருக்கறத மொதல்ல போடு கண்ணு, போட்டுட்டுப் பின்னால நகரு" என்று மட்டும் சொன்னீர்கள். போட்ட கோலத்தை அவரவர் காலே அழிக்கும் தொல்லை அந்த ஒரு சொல்லில் தீர்ந்தது.

போகிக்கு, பழைய பேப்பர் கடை அண்ணனுக்கு நன்றி. காகிதத்தைக் கொஞ்சம் எரித்துக் காட்டலாம் என்றிருந்தோம். டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, பள்ளியிலேயே தீ வைத்துக் காட்டுவது சரியில்லை என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தராசையும் படிக்கற்களையும் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு பழைய பொருளைக் கொண்டுவந்து நான்கு குவியலாகப் பிரித்தார்கள்: இன்னும் பயன்படுவது, தைத்தாலோ ஒட்டினாலோ பயன்படுவது, கடைக்குப் போவது, குப்பை. கிழிந்த பொம்மைச் சட்டை எந்தக் குவியல் என்பதில் வந்த சண்டைதான் அன்றைய பாடத்தின் நல்ல பகுதி. பிறகு நிறுத்துப் பார்த்தோம். பெரிய தெர்மோகோல் அட்டையைவிடச் சின்ன இரும்புப் பூட்டு கனம் என்பதைத் தட்டு இறங்கியதும் கண்டுகொண்டார்கள். ஒன்று சொல்லவேண்டும்: பழைய நோட்டுகளின் பின்னைக் கழற்றிவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்கவேண்டும். அதையும் அண்ணனே உட்கார்ந்து கழற்றினார்.

போகி மேளம் ஆறு வாங்கித் தந்த பெற்றோருக்கும் நன்றி. 26 மேளம் தருவதாகத்தான் சொன்னீர்கள், நாங்கள்தான் மறுத்தோம். கூரைக்குக் கீழே ஆறு மேளத்துக்கே காது அடைக்கிறது. மரத்தடியில் ஆறு பேர் அடிக்க, மற்றவர்கள் அடியை எண்ணிக் கைதட்டினார்கள். பிறகு கை மாறியது.

குயவர் ஐயாவுக்கு இரண்டு நன்றி, பானைக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று. புதுப்பானையை அப்படியே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். முந்தின நாள் முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்திவைக்கவேண்டும் என்றார். அதைப் பிள்ளைகள் கண் முன்னே செய்யச் சொன்னதும் அவரே. தொட்டியில் பானையை இறக்கியதும் உஸ்ஸென்று ஒரு சத்தம். பிறகு பானையின் உடம்பெங்கும் கடுகளவு குமிழிகள் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக மேலே வந்தன. காய்ந்த மண்ணின் நுண்துளைகளில் இருந்த காற்றைத் தண்ணீர் வெளியே தள்ளுகிறது. பத்து நிமிடம் ஒரு பிள்ளையும் அசையவில்லை. "பானை மூச்சு விடுது" என்றது ஒன்று. மறுநாள் காலை சிறு தீயில் கஞ்சித்தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு கழுவி எடுத்தோம். சூடான பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது. பானை போவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

மண் மாடு செய்ய ஆளுக்குச் சாத்துக்குடி அளவு களிமண். உடம்பு தனி, கால் நான்கு தனி என்று செய்து ஒட்டவைப்பதாக இருந்தோம். ஒட்டிய கால் காய்ந்ததும் கழன்றுவிடும் என்று சொல்லி, ஒரே உருண்டையிலிருந்து காலையும் கொம்பையும் கிள்ளி இழுக்கச் சொல்லிக்கொடுத்தார். அதையும் மீறி ஒட்டியே தீருவேன் என்ற ஐந்து மாடுகளில் நான்கு நொண்டியாயின. நிழலில் மூன்று நாள் காயவிட்டோம்; வெயிலில் வைத்தால் மேற்புறம் முந்திக் காய்ந்து வெடிக்கும்.

இனி பொங்கல். சத்துணவுக் கூடத்தில் பல ஆண்டு அடுப்படி கண்ட சமையல் அக்காவுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். அவர் கொடுத்த அளவு: பச்சரிசி 500 கிராம், பாசிப்பருப்பு 125 கிராம், வெல்லம் 750 கிராம், பால் அரை லிட்டர், தண்ணீர் இரண்டரை லிட்டர், நெய் 150 கிராம், முந்திரி, திராட்சை, ஏலக்காய். 26 பிள்ளைகளுக்கும் வந்திருந்த பெரியவர்களுக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி தாராளமாக வந்தது. முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டா என்று முன்கூட்டியே வீடுகளுக்குச் சீட்டு அனுப்பிக் கேட்டோம். அவர்களுக்கு முந்திரி போடும் முன்பே தனியாக எடுத்துவைத்தோம்.

பெரிய பானையாக இருந்தால் நல்லது என்று நினைத்திருந்தோம். அது தப்பு. பானை பெரிது, பால் தண்ணீர் குறைவு என்றால் நுரை கழுத்துவரை ஏறி அடங்கிவிடும். "பொங்கலோ பொங்கல்" சொல்லக் காத்திருக்கும் பிள்ளைகள் முகம் தொங்கிப்போகும். நான்கு லிட்டர் பானையில் மூன்று லிட்டர் இருக்கவேண்டும். தண்ணீருக்குப் பதில் அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரை ஊற்றச் சொன்னார் அக்கா. அதிலுள்ள மாவுச்சத்தும் பாலும் சேர்ந்து குமிழியை உடையாமல் பிடித்துக்கொள்கின்றன, நுரை மேலே மேலே ஏறுகிறது. பொங்கி வழிந்ததும் ஒரு லிட்டரை முகந்து தனியே வைத்துவிட்டு அரிசி பருப்பைப் போட்டு, முகந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஊற்றினார்.

அரிசி மசிய வேகும்வரை வெல்லம் கூடாது. வெல்லம் விழுந்த பிறகு அரிசி மேற்கொண்டு வேகாது, விறைத்தே நிற்கும். வெல்லத்தைத் தனியே கரைத்து, மண்ணும் சக்கைத் தும்பும் போக வடிகட்டி, ஆறவிட்டுச் சேர்க்கவேண்டும். கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிந்துபோக வாய்ப்பு உண்டு. குறுகிய வாய்ப் பானைக்குள் கரண்டி போட்டு அழுத்திக் கிளறினால் பானை தாங்காது என்பதால், வெந்ததை அகலமான பாத்திரத்துக்கு மாற்றித்தான் வெல்லமும் நெய்யும் சேர்த்தார். படத்தில் பார்க்கும் பொங்கல் எல்லாம் பானையிலேயே முடிந்துவிடும். அடுப்படியில் அப்படி இல்லை.

செங்கல் அடுக்கி அடுப்புப் போட்ட காவலர் தாத்தா, பானையைக் கிழக்கே ஒரு நூல் சாய்த்துவைத்தார். எந்தப் பக்கம் வழியும் என்று ஆளுக்கு ஒரு கூழாங்கல்லை வைக்கச் சொன்னோம். வடக்கே வைத்தவர்கள் 11 பேர், கிழக்கே 8, மற்றவர்கள் மேற்கும் தெற்குமாக. கிழக்கே வழிந்ததும் தாத்தாவிடம் ஏன் என்று கேட்டுவிட்டு, பிறகு குனிந்து பானையின் சாய்வைப் பார்த்தார்கள். ஊகித்து, பார்த்து, காரணம் தேடுவதற்கு இதைவிடச் செலவில்லாத பாடம் இல்லை. அடுப்பிலிருந்து எட்டு அடி தள்ளிக் கயிறு, கயிற்றுக்கு இப்பால் பாய், புகை அடிக்காத பக்கம் பார்த்து உட்காரவைத்தல், ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், பானைக்கென்று ஓர் ஆள், கயிற்றுக்கென்று இரண்டு ஆள். கயிற்றைக் காத்த இரு தாய்மார்களும் பானை பொங்கியதைப் பார்க்கவே இல்லை, பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தனி நன்றி. பானையின் கழுத்தில் கட்டும் மஞ்சள் கொத்தின் இலைகளையும் தீ எட்டாதபடி நறுக்கிவிட்டோம்.

ஒரு கட்டு கரும்பு அனுப்பிய விவசாயி ஐயாவுக்கும், அதை ஆட்டோவின் மேலே கட்டிக்கொண்டுவந்த அண்ணனுக்கும் நன்றி. தோகையோடு அனுப்பாதீர்கள், அதன் ஓரம் கையைக் கிழிக்கும் என்று கேட்டிருந்தோம், சீவித்தான் அனுப்பினீர்கள். கரும்பைப் படுக்கப் போட்டு, பக்கத்தில் பிள்ளைகளைப் படுக்கவைத்து அளந்தோம். ஒரு கரும்புக்கு ஏறக்குறைய இரண்டு பிள்ளை. கணு எண்ணும்போது அடியில் நெருக்கமாகவும் மேலே தள்ளியும் இருப்பதை யு.கே.ஜி. பிள்ளைகள் நாங்கள் சொல்லாமலே கவனித்தார்கள். கணுவை நீக்கி, தோல் சீவி, விரல் கனத்தில் மூன்று அங்குலக் குச்சிகளாகப் பிளந்து கொடுத்தோம், உட்கார்ந்து தின்றால்தான் என்ற கட்டளையோடு. அடிக்கரும்பில் ஒரு குச்சி, நுனிக்கரும்பில் ஒரு குச்சி. எது அடி, எது நுனி என்று கண்ணை மூடிக்கொண்டு எல்லோருமே சரியாகச் சொன்னார்கள். சக்கையை விழுங்காமல் துப்பக் கிண்ணம் வைத்தோம். மிட்டாய் தின்று வளர்ந்தவர்களுக்குத் துப்புவதையும் சொல்லித்தான் தரவேண்டியிருக்கிறது.

கன்றுக்குட்டியோடு வந்த பால்கார அண்ணன், அன்றைக்கு மேளமும் பலூனும் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியனுப்பினார். நான்கு பேர் நான்கு பேராகப் போய், முகத்தை விட்டுக் கழுத்தில் தடவி, புல் கொடுத்து, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு. 26 பேருக்கும் கை கழுவிவிட்டது ஆயா அம்மா. மாவு சிந்திய முற்றமும், சக்கை சிந்திய வகுப்பும், சாணி விழுந்த வாசலும் மூன்று மணிக்குள் பளிச்சென்று இருந்ததும் அவர் கையால்தான். இந்த மடலின் பெரிய கும்பிடு அவருக்கு.

இரவல் வாங்கிய முறம் மூன்று, அகலப் பாத்திரம், தராசு எல்லாம் கழுவித் துடைத்து அலுவலக அறையில் இருக்கின்றன. விடுமுறை முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முறத்தின் விளிம்பு பிரிந்துவிட்டது, கட்டித் தருகிறோம். வெட்டி எடுத்த கணுக்களில் பருவோடு இருந்த பன்னிரண்டைக் கிணற்றடிப் பாத்தியில் படுக்கவைத்து, இரண்டு அங்குலம் மண் மூடியிருக்கிறோம். பள்ளி திறக்கும்வரை மண் காயாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றுவதாகக் காவலர் தாத்தா சொல்லியிருக்கிறார். தாத்தா, அதற்கும் சேர்த்து இப்போதே நன்றி. முளை வந்தாலும் பிள்ளைகள் வரும்வரை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பு ஆசிரியர்கள்