கடைசி இரண்டு பத்தி

அன்புள்ள சேது,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இன்னும் எந்தத் தபால் ஆபீஸில் இன்லேண்ட் லெட்டர் வாங்குகிறாய் என்று தெரியவில்லை. ஆபீஸில் பிள்ளைகளிடம் காட்டினேன். ஒரு பெண் அதை எந்தப் பக்கம் பிரிப்பது என்று தெரியாமல் நடுவில் கிழித்து, உன் முட்டிவலி பற்றிய மூன்று வரி போய்விட்டது. ஆபரேஷனா வேண்டாமா என்பதை மறுபடி எழுது. தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டது என்ற வரி மட்டும் தப்பித்தது. இங்கே ஆனி பிறந்தும் வெயில் ஆளைக் கொல்கிறது.

உன் வீட்டுக் கயல் விஷயத்துக்கு வருகிறேன். "பி.ஆர்., அதாவது மக்கள் தொடர்பு, படிக்கப் போகிறேன் என்கிறாள், அப்படி ஒரு தொழில் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தாய். போனில் கேட்டிருந்தால், "இருக்கிறது, சேர்த்துவிடு" என்று சொல்லி வைத்திருப்பேன். எழுத உட்கார்ந்தால் கை வேறு எதையோ எழுதுகிறது.

97-ல் நான் இதற்கு வந்தபோது என்னிடம் இருந்தவை ஒரு டிவிஎஸ் 50, ஒரு ரெக்சின் பை, மாலை ஐந்து மணி என்ற கெடு. மவுண்ட் ரோட்டில் தொடங்கி ஒவ்வொரு பத்திரிகை ஆபீஸாக ஏறி இறங்கி பிரஸ் நோட் கொடுக்க வேண்டும். போட்டோவுக்குப் பின்னால் கேப்ஷனை ஒட்டியிருப்போம். பசை காயாமல் இரண்டு போட்டோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஃபேக்ஸ் இருந்ததுதான். ஆனால் அந்த வழவழத் தாள் சுருண்டு மேஜைக்கு அடியில் கிடக்கும், பத்திரிகைக்காரர்கள் நீங்கள் யாரும் குனிந்து எடுக்க மாட்டீர்கள். நேரில் வந்தால் டீயாவது வாங்கித் தருவான் என்று உனக்கு ஒரு கணக்கு. நான் ராத்திரி கண்விழித்து எழுதிய இரண்டு பக்கத்தைச் சிவப்பு மைப் பேனாவோடு படித்து, கடைசி இரண்டு பத்தியைத் தவறாமல் அடிப்பாய். கம்பெனியின் பெருமை எல்லாம் அங்கேதான் இருக்கும். "இது விளம்பரம். காசு கட்டிப் போடச் சொல்லு" என்பாய்.

மறுநாள் காலை எங்களுக்குக் கத்தரிக்கோலும் ஸ்கேலும்தான் வேலை. வந்த செய்தியை வெட்டி ஏ4 தாளில் ஒட்டி, எத்தனை பத்தி அகலம், எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று அளந்து, அந்த இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவோ அதைப் போட்டு, சில சமயம் மூன்றால் பெருக்கி, "உங்களுக்கு இத்தனை லட்ச ரூபாய்க்குச் செய்தி வாங்கித் தந்திருக்கிறோம்" என்று பில்லோடு அனுப்புவோம். இந்தக் கணக்கு செல்லாது என்று 2010-ல் பார்சிலோனாவில் கூடி எங்கள் தொழில்காரர்கள் தீர்மானமே போட்டார்கள். அதற்குப் பிறகும் ஸ்கேலை நாங்கள் கீழே வைக்கவில்லை. இப்போது ஸ்கேல் போய் ரீச், வியூஸ் என்று வந்திருக்கிறது. மூன்றால் பெருக்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நம் ஊரில் பி.ஆர்.ஓ. என்றால் ஒன்று கலெக்டர் ஆபீஸ், இல்லாவிட்டால் சினிமா. 1958-ல் எம்.ஜி.ஆர். படத்துக்கு ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த பிலிம் நியூஸ் ஆனந்தனைத்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்பார்கள். இன்றைக்கு சினிமா பி.ஆர்.ஓ.வின் போனில் பாதி நம்பர் யூடியூப் சேனல், மீதி மீம் பேஜ். முதல் காட்சி விட்டு வெளியே வருகிறவர் முன்னால் மைக்கை நீட்டுகிறார்களே, இந்த மாதிரி விமர்சனங்களை முதல் மூன்று நாளுக்குத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் 2024 கடைசியில் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். தடை கிடைக்கவில்லை.

சரி, என்ன மாறிவிட்டது என்று கேட்டால், சேது, நீ இல்லை. அதுதான் மாற்றம். எனக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு நீ உட்கார்ந்திருந்தாய். உன்னைச் சரிக்கட்டினால் என் வேலை பாதி முடிந்தது. இப்போது அந்த நாற்காலி காலி. நான் எழுதியது கம்பெனிப் பக்கத்தில் கடைசி இரண்டு பத்தியோடு முழுசாக வருகிறது. யாரும் வெட்டுவதில்லை, யாரும் படிப்பதும் இல்லை. ஆனால் கடையில் பொருள் வாங்கியவர் போட்டது மட்டும் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

போன தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு கிளை உள்ள ஒரு இனிப்பு காரக் கடை எங்கள் வாடிக்கை. பெயர் வேண்டாம், உன் வீட்டுக்குப் போன தடவை நான் வாங்கி வந்த மிக்சர் அவர்களுடையதுதான். ராத்திரி 11.40-க்கு ஒரு வீடியோ வந்தது. 38 வினாடி. காராபூந்தி பாக்கெட் மேல் தேதி ஸ்டிக்கர். ஒரு பெண்ணின் கை அதை நகத்தால் ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்கிறது. அடியில் இன்னொரு ஸ்டிக்கர், இரண்டு மாதத்துக்கு முந்தின தேதி. பேச்சே இல்லை. பின்னால் குழந்தை ஒன்று எதற்கோ அழுகிறது, அவ்வளவுதான். நான் இரண்டாம் தடவை பார்த்து முடிப்பதற்குள் என் மைத்துனியே அதைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள்.

முதலாளி அண்ணாச்சி லைனில் வந்தார். "வக்கீல் நோட்டீஸ் விடுங்க தம்பி. விடியறதுக்குள்ள அந்த வீடியோ இருக்கக் கூடாது."

அவருக்கு போர்ன்விட்டா கதையைச் சொன்னேன். 2023 ஏப்ரலில் அதில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று ஒரு இளைஞர் வீடியோ போட்டார். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவரும் மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் விஷயமே கிளம்பியது. மிரட்டி எடுக்க வைத்தார்கள் என்பதே செய்தியாகிவிட்டது. வீடியோவை அதுவரை பார்க்காதவர்களும் தேடிப் பார்த்தார்கள். குழந்தைகள் உரிமை ஆணையம் வேறு கம்பெனியிடம் விளக்கம் கேட்டது. அந்த டிசம்பரில் 100 கிராமில் சேர்க்கும் சர்க்கரையை 37.4 கிராமிலிருந்து 32.2 கிராமாகக் குறைத்தார்கள். "முதலிலேயே குறைத்திருந்தால் நோட்டீஸ் செலவு மிச்சம் அண்ணாச்சி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பத்து நிமிஷம் கழித்து அடுத்த யோசனை. "அப்ப அந்த பேக்கிங் பையன நிறுத்திட்டோம்னு போட்ருவோம்." எங்கள் ஆபீஸ் பெண் அதற்குள், "சம்பந்தப்பட்ட ஊழியர் உடனடியாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்" என்று டைப் அடித்து எனக்கு அனுப்பியும் விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்னும்போது கைக்கு முதலில் எட்டுகிற ஆள் எப்போதுமே கடைசிப் படியில் நிற்கிறவன்தான்.

2021 அக்டோபரில் ஸொமாட்டோ செய்ததும் அதுவே. உனக்கு நினைவிருக்கும். சென்னைக்காரர் ஒருவர் ஆர்டரில் ஒன்று குறைகிறது என்று கேட்கப் போக, சாட்டில் பேசிய பெண் இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பாடம் எடுத்தார். மறுநாள் ஊரே கொதித்தது. கம்பெனி தமிழிலேயே மன்னிப்பு அறிக்கை விட்டு, அந்தப் பெண்ணை வேலையை விட்டு நீக்கியதாகச் சொன்னது. சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல் இதற்கெல்லாம் வேலையைப் பறிக்க வேண்டாம் என்று மறுபடி சேர்த்துக்கொண்டார். உடனே இன்னொரு சுற்று கோபம். தமிழுக்காகக் கோபப்பட்டவர்களில் நானும் ஒருவன், அதை மறைக்கவில்லை. ஆனால் தமிழ் தெரிந்தவர்களை வைக்காமல் தமிழ்நாட்டில் கடை விரித்தது யார்? அந்தப் பெண்ணா? கோயம்புத்தூரில் சேவை மையம் வரப்போகிறது என்பதும் அந்த அறிக்கையில் இருந்தது. என்னைக் கேட்டால் அதுதான் முதல் வரியாக வந்திருக்க வேண்டும்.

காராபூந்திக்கு வருகிறேன். மறுநாள் விடிகாலை ஆறு மணிக்கு அம்பத்தூரில் பேக்கிங் நடக்கும் இடத்துக்குப் போனேன். பையனுக்குப் பத்தொன்பது, இருபது வயசு இருக்கும். தேம்பிக்கொண்டே சொன்னான். ஒரு பெரிய ஆர்டருக்காக ஆகஸ்டிலேயே கவர்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆர்டர் கைவிட்டுப் போனது. நாலாயிரம் கவரைத் தூக்கிப் போட மனசில்லாமல் மேனேஜர், "மேலயே புதுசு ஒட்டிரு" என்றிருக்கிறார். காராபூந்தி என்னவோ முந்தின நாள் போட்டதுதான். ஆனால் இதை யார் நம்புவார்கள்?

எங்கள் பிள்ளைகள் லைட் எல்லாம் வைத்து அண்ணாச்சியை நாலு டேக் எடுத்தார்கள். எழுதிக் கொடுத்ததை அவர் பழைய தூர்தர்ஷன் செய்தி மாதிரி வாசித்தார். உதவாது. லைட்டை மாற்றுகிற இடைவெளியில் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து என்னிடம் புலம்பிக்கொண்டிருந்ததை அவருக்குத் தெரிந்தே போனில் எடுத்தோம். "கவர மிச்சம் பிடிக்கச் சொன்னது எங்க மேனேஜரு. அவருக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தது நானு. தேதி மேல தேதி ஒட்டினது தப்பு. அந்த பாக்கெட்ட எந்தக் கடையில வேணாலும் குடுத்துட்டுக் காச வாங்கிக்கோங்க." அதைத்தான் போட்டோம், அவரைச் சம்மதிக்க வைக்க இரண்டு மணி நேரம் ஆனது.

வெற்றி என்று நினைத்துவிடாதே. பாதிப் பேர் நம்பவில்லை. "கவர் பழசு, காராபூந்தி புதுசு" என்று மீம் வந்தது. அரசியல்வாதி யாராவது கட்சி மாறினால் இன்றைக்கும் அதைத்தான் போடுகிறார்கள். வேறு மாதத்துப் பாக்கெட்டையெல்லாம் கொண்டுவந்து காசு வாங்கினவர்களும் உண்டு. செவ்வாய்க்கிழமை ஊர் வேறு எதற்கோ போய்விட்டது. பையன் வேலையில் இருக்கிறான். தீபாவளி வியாபாரம் எப்படி என்று கேட்டால் அண்ணாச்சி பேச்சை மாற்றுகிறார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு நாளில் செய்தி செத்துவிடும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். 2015-ல் மேகி நூடுல்ஸில் ஈயம் இருக்கிறது என்று புகார் வந்தபோது நெஸ்லே கம்பெனி அப்படித்தான் பேச வேண்டிய நேரத்தில் சரியாகப் பேசாமல் இருந்தது. ஜூன் 5-ம் தேதி திரும்பப் பெறும் உத்தரவு வந்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, நவம்பரில் கடைக்கு வந்தது. கோர்ட்டில் ஜெயித்தும் அத்தனை மாதம் அலமாரி காலி.

ஆக, என் நாளில் முக்கால்வாசி இப்போது வெளியே பேசுவதில் போவதில்லை. உள்ளே, முதலாளியிடம் பேசுவதில் போகிறது. இது புதுசு என்றுதான் நினைத்திருந்தேன். யோசித்தால் தொழில் தொடங்கியதே அங்கேதான். 1906-ல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி அருகே பாலத்திலிருந்து ரயில் தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேல் செத்தார்கள். விபத்து என்றால் மூடி மறைப்பதுதான் ரயில் கம்பெனிகளின் வழக்கம். ஐவி லீ என்பவர் கம்பெனியைப் பேசிச் சம்மதிக்க வைத்து, நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நிருபர்களையும் இடத்துக்கே வரவழைத்தார். பிரஸ் நோட் என்ற சமாசாரத்துக்கு அதைத்தான் ஆரம்பமாகச் சொல்வார்கள். நியூயார்க் டைம்ஸ் ஒரு வார்த்தை வெட்டாமல் போட்டது. நீ அங்கே வேலையில் இல்லை, அதனால் தப்பித்தார்.

இன்னொன்று, கயலிடம் கட்டாயம் சொல். பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுக்கும் பணக் கவர் ஒழியவில்லை. ஃபைலுக்குள் வைத்துக் கொடுத்ததைப் பஸ் ஸ்டாண்டு வரை வந்து என் பையில் திணித்துவிட்டுப் போனாயே, அதற்கு இன்று பெயர் கொலாப், ரேட் கார்டே இருக்கிறது. சமூக ஊடகத்தில் காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பற்றிப் பேசினால் விளம்பரம் என்று தெளிவாகப் போட வேண்டும் என்று 2021-ல் விளம்பரத் தர கவுன்சில் சொன்னது, 2023 ஜனவரியில் மத்திய அரசும் சொன்னது. பொய்யான விளம்பரம் என்றால் அபராதம் 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம். போடுகிறார்கள், எறும்பு சைஸில், ஒரு நொடிக்கு. ராத்திரி ஆயிரம் பொய்க் கணக்கிலிருந்து "சூப்பர்" போட்டுத் தருகிறேன் என்று வருகிறவர்களும் உண்டு. நான் வாங்கியதில்லை. பக்கத்து ஆபீஸ் வாங்குகிறது, வாடிக்கையாளரும் அங்கேதான் போகிறார்.

அவளை ஒரு வாரம் இங்கே அனுப்பு. ஆடித் தள்ளுபடி நேரத்தில் வந்தால் வேலை சூடாக இருக்கும். தங்குவதற்கு நம் வீடு இருக்கிறது. ராத்திரி போன் வரும், அதற்கு மட்டும் தயாராக வரச் சொல். முதல் நாள் ஒரு பிரஸ் நோட் எழுதச் சொல்லி அதை உனக்குத் தபாலில் அனுப்புகிறேன். சிவப்பு மை இன்னும் வைத்திருக்கிறாயா?

அன்புடன்,
பாஸ்கர்