வரிக் கோவையைக் கையில் கொடுக்கும் முன்

பத்திராதிபர் அவர்கட்கு,

வருமான வரி விவரத்திரட்டு நிரப்பித் தருவதாகச் சொல்லும் அறிவித்தல்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மூலைக்கு மூலை தென்படுகின்றன. ஆளுக்குத் தொழில் தெரியுமா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: “வைப்பு வட்டியில் வங்கி 10 சதவீதம் பிடித்துவிட்டதே, அதோடு சரிதானே?” “ஓம், சரி” என்பவரிடம் கோவையைக் கொடுக்காதீர்கள்.

வங்கி பிடிப்பது முற்பணம் மட்டுமே. மாதம் இரண்டரை இலட்சம் சம்பளம் எடுப்பவருக்கு 2025/26 மதிப்பீட்டாண்டில் வருமானம் 30 இலட்சம். விலக்கு 18 இலட்சம் போக 12 இலட்சத்துக்கு வரி. முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18. அவருக்கு 2 இலட்சம் வட்டி வந்தால் அது முழுவதும் 18 சதவீதப் படியில் விழும். வரி 36,000, வங்கி பிடித்தது 20,000, இன்னும் கட்ட வேண்டியது 16,000. வங்கியின் வரிப் பிடிப்புச் சான்றிதழையும் சம்பளத்தில் பிடித்த வரியைக் காட்டும் வேலைத்தலத்தின் டி.10 படிவத்தையும் கேட்காமலே ஒருவர் விவரத்திரட்டை முடித்துவிட்டேன் என்றால் ஊகத்தில் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். வீடு வாடகைக்கு விட்டவர்கள் வாடகை வருமானத்தில் 25 சதவீதக் கழிவு எடுக்கப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

பட்டயக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்பவரின் உறுப்புரிமையை மலலசேகர மாவத்தையிலுள்ள அவர்களது நிறுவகத்தில் விசாரிக்கலாம். ஆனால் தகுதியுள்ளவரிடமும் ஒரு வழக்கம் உண்டு: வரி இலக்கத்துக்குப் பதியும்போது வாடிக்கையாளரின் தொலைபேசி, மின்னஞ்சலுக்குப் பதில் தமதைப் போட்டுவிடுவது. வேலை சுலபம்தான். பிறகு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து வரும் இரகசிய (PIN) இலக்கமும் அறிவித்தலும் அவருக்கே போகும். அவர் வெளிநாடு போனாலோ மனஸ்தாபம் வந்தாலோ, நிலுவை ஏறுவது உங்களுக்குத் தெரியவே வராது. ஏற்கெனவே அப்படிப் பதிந்திருந்தால் அடையாள அட்டையோடு சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையிலுள்ள அத்திணைக்களத்துக்குப் போய் விபரங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

விவரத்திரட்டோடு போகும் சொத்து, பொறுப்பு (கடன்) விபரத்தையும் அனுப்புமுன் வாசிக்க வேண்டும். கடந்த ஆண்டுப் படிவத்தை அப்படியே பார்த்தெழுதுபவர்கள் அதிகம். புதிதாக வாங்கிய காணி பட்டியலில் ஏறும். அதற்கு எடுத்த வங்கிக் கடனும் கனடாவிலிருந்து சகோதரர் அனுப்பிய பணமும் ஏறாது. உழைப்புக்கு மேல் சொத்து வளர்ந்ததாகத் தெரிந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும், நிரப்பியவரிடமல்ல.

நவம்பர் 30 வரை நேரமிருக்கிறது என்பதும் பாதி உண்மை. அது விவரத்திரட்டுக்கான திகதி. மிச்ச வரி செப்டெம்பர் 30க்குள் கட்டப்பட வேண்டும். தவறினால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி ஏறும். ஆகவே ஓகஸ்டிலேயே ஆளைப் பிடியுங்கள்.

வரிப் பணத்தை அவர் கையில் காசாகக் கொடுக்க வேண்டாம். நீங்களே வங்கியிலோ இணையத்திலோ கட்டுங்கள். கட்டும்போது வரி இலக்கத்தோடு, எந்த ஆண்டுக்கான வரி என்று காட்டும் ஆண்டுக் குறியீட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். குறியீடு பிழைத்தால் பணம் வேறோர் ஆண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். கட்டிய வரிக்கே நிலுவைக் கடிதம் வரும். பற்றுச்சீட்டையும் விவரத்திரட்டுப் பிரதியையும் குறைந்தது 5 ஆண்டுகள் உங்கள் வீட்டிலேயே வைத்திருங்கள்.

கணக்காளர் ஒருவர்,
கொழும்பு 06